பீட்டில்ஸ் பட்டியல்: எந்தப் பதிப்பைக் கேட்டு வாக்களித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், டிரம் வாசிக்கும் ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸின் ஆல்பங்களிலிருந்து தலைசிறந்த பத்துப் பாட்டு, தேறாத பத்துப் பாட்டு என்று வாசகர் வாக்குப்படி ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்ட பட்டியலைப் பற்றியது இந்தக் கடிதம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் அது கிளப்பிய சண்டை இன்னும் ஓயவில்லை. சண்டை போடட்டும், அதில்தான் ருசி. ஆனால் பாதிச் சண்டை ஆளுக்கொரு பதிப்பைக் கேட்டுவிட்டு ஒரே பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைப்பதால் வருகிறது. உங்கள் பட்டியலில் எந்தப் பாட்டின் பக்கத்திலும் எந்த நாட்டு இசைத்தட்டு, எந்த ஆண்டுப் பதிப்பு, மோனோவா (இரண்டு காதிலும் ஒரே ஒலி) ஸ்டீரியோவா (காதுக்கொரு ஒலி) என்ற குறிப்பே இல்லை. வேறு குழுவுக்கு அது இல்லாமல் சமாளிக்கலாம். இந்தக் குழுவுக்கு முடியாது.

'ரிவால்வர்' ஆல்பத்தை "முழுக்க பால் மெக்கார்ட்னியின் ஆல்பம்" என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 1966 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வந்த தட்டில் 14 பாட்டு. அமெரிக்காவில் கேப்பிடல் நிறுவனம் போட்ட தட்டில் 11தான். விடுபட்ட மூன்றும் ஜான் லெனன் பாடியவை: 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்', 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்', 'டாக்டர் ராபர்ட்'. அந்த மூன்றையும் அதற்குச் சற்று முன்பே வேறொரு தட்டில் சேர்த்து விற்றுவிட்டார்கள். அமெரிக்கத் தட்டில் லெனனுக்கு மிஞ்சியது 'ஷி செட் ஷி செட்', 'டுமாரோ நெவர் நோஸ்' இரண்டு மட்டும். உறவினர் யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய தட்டைக் கேட்டு வளர்ந்தவர் அப்படித்தான் சொல்வார். அவர் காதில் பிழையில்லை. 'ரப்பர் சோல்' கதையும் அதேதான். ஆங்கிலத் தட்டு 'டிரைவ் மை கார்' பாட்டின் முரட்டு கிடாரோடு தொடங்கும். அமெரிக்கத் தட்டு அதைத் தூக்கிவிட்டு, 'ஹெல்ப்' ஆல்பத்துப் பாட்டான 'ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்' என்பதை முதலில் வைத்தது. அதனால் ஆல்பம் முழுவதுமே நாட்டுப்புறப் பாட்டுச் சாயலில் ஒலிக்கும். 1987-ல் சிடி வந்தபோதுதான் ஆங்கில வரிசை உலகம் முழுவதற்கும் பொதுவானது. 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' மட்டும் விதிவிலக்கு. அதற்கு அமெரிக்க வரிசையே நிலைத்தது.

அடுத்தது ஸ்டீரியோ. முதல் இரண்டு ஆல்பங்களும் இரண்டே டிராக்கில், அதாவது நாடாவின் இரண்டு தனித்தனித் தடத்தில், பதிவானவை. அவற்றின் ஸ்டீரியோவில் வாத்தியம் இடது காதிலும் குரல் வலது காதிலும் நிற்கும். ஓர் இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குப் பஸ்ஸில் போகிற இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒருவனுக்கு டிரம்மும் கிடாரும். மற்றவனுக்குத் துணையில்லாத வெறும் பாட்டு. இறங்கியதும் "ரிங்கோ பின்னியிருக்கான்" என்பான் ஒருவன்; "டிரம் எங்கடே கேட்டுது?" என்பான் அடுத்தவன். இரண்டு பேருமே உண்மை பேசுகிறார்கள். கைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ என்ற பொத்தானைத் தட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இடது வலது இரண்டையும் கலந்து கொட்டும், அவ்வளவுதான். குழுவும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் உட்கார்ந்து கலந்த மோனோ தனிக் கலவை. 'வெள்ளை ஆல்பம்' எனப்படும் 1968 இரட்டைத் தட்டு வரை அவர்கள் முதலில் கவனம் செலுத்தியது மோனோவில். 'ஆபி ரோடு' ஸ்டீரியோவில் மட்டும் வந்தது.

வித்தியாசம் எந்த அளவு என்று கேட்டால், 'ஷீஸ் லீவிங் ஹோம்' ஒன்றே போதும். மோனோவில் அது ஏறக்குறைய நாலு கட்டைச் சுருதி (கீபோர்டில் F). ஸ்டீரியோவில் மூன்று கட்டை (E). அரைச் சுரம் கீழே இறங்கும்போது வேகமும் குறைகிறது. பாட்டு "இழுவை" என்று உங்கள் பட்டியலில் திட்டு வாங்கியிருக்கிறது. திட்டியவர்கள் கேட்டது ஸ்டீரியோவாகத்தான் இருக்க வேண்டும். மோனோவைப் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் வாக்கை மாற்றுவார்கள். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் மூன்றரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டி முடிந்துவிடும். ஸ்டீரியோவில் நாலரை நிமிடம். ஓய்ந்து மறுபடி எழும்பி, கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ கத்துவது அதில் மட்டும்தான்.

நம் மாவட்டத்து ஆலயப் பாட்டுக்குழுக்களில் ஆல்ட்டோ, டெனர் பாடிப் பழகிய காதுகளுக்கு வேறொரு உதாரணம். 1964-ல் வந்த 'இஃப் ஐ ஃபெல்' இரண்டு குரல் பாட்டு. லெனன் கீழே, மெக்கார்ட்னி மேலே. ஸ்டீரியோவில் நடுப்பகுதி இரண்டாம் முறை வரும்போது மெக்கார்ட்னியின் மேல்குரல் ஒரு சொல்லில் பிசிறடித்து உடையும். மோனோவில் அந்த உடைசல் கிடையாது. குரல் பிசகுக்காக அதற்கு மதிப்பெண் குறைத்தவர்கள் மோனோவைக் கேட்டுவிட்டு மறுபடி போடட்டும். இசைவுக் குரலே பேச்சு என்றால் எங்கள் வாக்கு 'பிகாஸ்' பாட்டுக்கு. மூன்று பேர் மூன்று பகுதி பாடி, அதையே இன்னும் இரண்டு முறை மேலே பதிந்து, மொத்தம் ஒன்பது குரல். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முப்பது பேரை நிறுத்தியும் வராத கட்டு அது. உங்கள் முதல் பத்தில் அது இல்லாதது எங்களுக்கு விளங்கவில்லை.

பழைய கேசட்டையும் தட்டையும் வைத்து வாக்களித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது. அலமாரியில் கிடக்கிற கேசட்டின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொண்டு மேல்சுரங்கள் மங்கிவிடும். அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். பூஞ்சை பிடித்ததைப் போடாதிருப்பதே மேல். நல்ல கேசட்டானாலும் நெடுநாள் கிடந்ததென்றால் முதலில் ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றி நாடாவைத் தளர்த்துங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். அப்படியும் சிம்பல் ஓசை போர்வை போர்த்தியது போலிருந்தால் ஹெட் கோணம் பிசகியிருக்கிறது. ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகை, பாட்டு ஓடும்போதே கால் சுற்று அளவுக்குள் மெல்லத் திருப்பி, சிம்பல் மிகக் கூர்மையாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். தட்டென்றால் நடுத்தாளில் நீர் படாமல், காய்ச்சி வடித்த நீரில் ஒரே துளி பாத்திரம் கழுவும் சோப்புநீர் விட்டு, பள்ளம் போகிற போக்கிலேயே மெல்லிய துணியால் துடைத்து, வெறும் நீரால் அலசி, நிழலில் நிமிர்த்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தட்டு நெளிந்து கூரை ஓடு மாதிரி ஆகிவிடும்.

வேகத்தைச் சோதிக்க ஆர்மோனியமோ கீபோர்டோ போதும். 'லெட் இட் பி' ஒரு கட்டைச் சுருதி. 'ஹே ஜூட்' நாலு கட்டை. உங்கள் கருவியில் 'லெட் இட் பி' ஒன்றரைக் கட்டையில் நின்றால் அது சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. கீழே இறங்கினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. அந்தக் கருவியில் கேட்டுவிட்டு "இழுவை" என்றோ "கீச்சுக் குரல்" என்றோ எழுதுவது பாட்டுக்குச் செய்கிற அநியாயம். 

கைபேசிக்காரர்களுக்கு வேலை குறைவு. ஷஃபிளை அணையுங்கள், ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்ட்டையும் அணையுங்கள், முக்கியமாகக் கிராஸ்ஃபேடை அணையுங்கள். 'ஆபி ரோடு' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழே முக்கால் நிமிடம் இரைந்து, கத்தரியால் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். அந்த வெட்டுதான் பாட்டு. கிராஸ்ஃபேட் இருந்தால் அடுத்த பாட்டு அதன்மேல் வழிந்துவிடும். ஒரே பாட்டின் இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குவதும் அவசியம். ஒரு டெசிபல் கூடினாலே அது "தெளிவாக" இருப்பதாகக் காது சொல்லும். புதிய பதிப்புகள் பெரும்பாலும் உரக்கப் பதிந்தவை. அவை வாக்கு வாங்குவதில் பாதி இந்த வித்தை. ஒலியளவு காட்டும் செயலியை ஒரே இடத்தில் பிடித்து, ஒரே சரணத்தை இரண்டிலும் ஓட்டி, முள் ஒரே இடத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எது எந்தப் பதிப்பு என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

ஒலியளவு குறைவாக இருப்பதாலேயே தோற்கிற பாட்டு ஒன்று உண்டு: ஜார்ஜ் ஹாரிசனின் 'லாங் லாங் லாங்'. வெள்ளை ஆல்பத்தில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' இரைச்சலுக்கு அடுத்து வருகிறது. முந்தின பாட்டுக்காகக் குறைத்த ஒலியில் இது காதில் விழவே விழாது. முடிவில் கடகடவென்று ஓர் அதிர்வு கேட்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பலர் பயந்திருக்கிறார்கள். ஆர்கனின் ஒலியைச் சுழற்றித் தருகிற லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியின் மேலிருந்த பாட்டில், ஆர்கனின் கீழ்ச்சுரத்துக்கு நடுங்கிய ஓசை அது. அதை அப்படியே விட்டு, அதன்மேல் ஓர் ஊளையும் டிரம் உருட்டலும் சேர்த்து முடித்தார்கள். உங்கள் பட்டியலில் இந்தப் பாட்டு நல்லதிலும் இல்லை, மோசத்திலும் இல்லை. யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

'விதின் யூ விதவுட் யூ' மோசமான பத்தில் மூன்றாவதாக வந்திருப்பதை ஒரு தமிழ் நாளிதழில் பார்க்க வேண்டியதாயிற்று! "கச்சேரியும் இல்லை, ராக்கும் இல்லை" என்பது வாசகர் தீர்ப்பு. நம் ஹரிகாம்போஜியின் சுரங்களில்தான் பாட்டு நடக்கிறது. வில்லால் வாசிக்கிற தில்ருபா குரலோடு ஒட்டியே போகிறது. லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்கள் வாசித்தார்கள். ஹாரிசனைத் தவிர பீட்டில்ஸ் ஒருவரும் அதில் இல்லை. நடுவே வாத்தியப் பகுதியில் பதினாறு அட்சரத் தாளம் போய்ப் பத்து அட்சரம் வருகிறது. கண்டசாபுவுக்குத் தட்டுவதுபோல் ஐந்தைந்தாகத் தட்டிப் பாருங்கள், கை உட்காரும். அந்த இடத்தில் தில்ருபாவும் மேற்கத்திய வயலின்களும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேட்டபின், கமகம் சரியாக இறங்கவில்லை என்று குறை சொன்னால் ஒப்புக்கொள்வோம். வயலின்காரர்களுக்கு அந்த வழுக்கல் முழுதாகக் கைவரவில்லைதான். ஆனால் 'மிஸ்டர் மூன்லைட்' பாட்டுக்குக் கீழே இதை வைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 1968 ஜனவரியில் பம்பாயில் இந்தியக் கலைஞர்களை வைத்து வாத்தியப் பகுதி பதிவான 'தி இன்னர் லைட்' உங்கள் பட்டியலில் வராததற்குக் காரணம் வேறு. அது எந்த ஆல்பத்திலும் இல்லை. 'லேடி மடோனா' சிங்கிளின் பின்பக்கம் அது. 'ஆல்பப் பாட்டு மட்டும்' என்று விதி வைத்தால் 'ஷி லவ்ஸ் யூ', 'ரெயின்', 'ஹே ஜூட்' எல்லாமே வெளியே நிற்கும். சிங்கிள்களைத் திரட்டிய 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பையும் ஓர் ஆல்பமாகச் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

இனி மோசமானவை. 'ரெவல்யூஷன் 9' முதலிடம் வந்ததில் வியப்பில்லை. 8 நிமிடம் 22 நொடி ஓடும் நாடாத் துண்டுகளின் கலவை அது, பாட்டே அல்ல. பாட்டென்று வைத்து அதை அளப்பது வீண். எங்கள் வாக்கு 'மிஸ்டர் மூன்லைட்' பாட்டுக்கே. 1964 கடைசியில் 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' அவசரமாகத் தயாரானது. சொந்தப் பாட்டு போதாமல் 14-ல் 6 பிறர் பாட்டு. 'மிஸ்டர் மூன்லைட்' பாட்டில் லெனனின் தொடக்கக் கூவல் அருமை. அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். பிறகு வரும் ஹேமண்ட் ஆர்கன் துண்டு, திருவிழா ராட்டினத்தில் ஆள் ஏறும்வரை வாசிக்கிற ரகம். கொடுமை என்னவென்றால் அதே ஆண்டு ஆகஸ்டில் 'லீவ் மை கிட்டன் அலோன்' என்ற பாட்டை வெறியோடு பாடிப் பதிந்து, அதைத் தள்ளிவிட்டு இதை வைத்துக்கொண்டார்கள். தள்ளியது 1995-ல்தான் 'ஆன்தாலஜி 1' தொகுப்பில் வெளியே வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

'ரன் ஃபார் யுவர் லைஃப்' பாட்டை லெனனே பின்னாளில் வெறுத்தார். வேறொருவனோடு கண்டால் கொன்றுவிடுவேன் என்று காதலியை மிரட்டுகிற பாட்டுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 'மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹேமர்' மீது மற்ற மூவருக்கும் இருந்த எரிச்சல் ஊரறிந்தது. ஆனால் அந்த எரிச்சல், மெக்கார்ட்னி அதைத் திரும்பத் திரும்பப் பதியவைத்த சிரமத்தைப் பற்றியது. கேட்பவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பட்டறைக் கல்லில் அடிக்கிற ஓசையும் மூக் சின்தசைசரும் சரியாகவே உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் சலித்தார்கள் என்பதற்காக நாமும் சலிக்க வேண்டியதில்லை.

'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் 1970 ஏப்ரல் முதல் தேதி வயலின், ஹார்ப், பெண்கள் கோரஸ் எல்லாம் ஏற்றிக் கெடுத்தார் என்பது பழைய குற்றச்சாட்டு. சான்றாக எல்லோரும் காட்டுவது 2003-ல் வந்த 'லெட் இட் பி நேக்கட்' பதிப்பை. ஆனால் அது வேறு எடுப்பு (டேக்): 1969 ஜனவரி 31-ல் வாசித்தது. ஸ்பெக்டர் கையில் எடுத்தது ஜனவரி 26-ல் வாசித்ததை. அந்த 26-ந் தேதி எடுப்பு அலங்காரம் இல்லாமல் 1996-ன் 'ஆன்தாலஜி 3' தொகுப்பில் இருக்கிறது. அதைக் கேட்டால் ஒன்று புரியும்: பேஸ் கிடார் வாசித்தது லெனன், பல இடத்தில் தவறான சுரத்தைத் தொடுகிறார். ஸ்பெக்டர் அத்தனை வயலினைக் கொட்டியதற்கு ருசி மட்டும் காரணமாக இருந்திருக்காது. மூட வேண்டியதும் இருந்தது. கோரஸ் மட்டும் கொஞ்சம் அதிகம்தான், மெழுகுவர்த்திப் பவனிபோல் நீள்கிறது.

வாக்கு எண்ணும் முறையையும் மாற்றுங்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் ஒரு பாட்டுக்கு 9 மதிப்பெண்ணும் ஐந்து பேர் 1 மதிப்பெண்ணும் போட்டால் சராசரி 5. பத்துப் பேருமே 5 போட்ட பாட்டுக்கும் சராசரி அதேதான். முதலாவது சண்டைக்குரிய பாட்டு. இரண்டாவது யாரும் கண்டுகொள்ளாத பாட்டு. சராசரியின் பக்கத்தில் மிகக் கூடிய மதிப்பெண், மிகக் குறைந்த மதிப்பெண், எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்ற மூன்றையும் அச்சிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆல்பம் ஆல்பமாகக் கேட்பவருக்கு மட்டும் வாக்கு. கேட்காத பாட்டுக்குக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும், பூஜ்யம் போடக் கூடாது. இப்போது பேர்போன பாட்டுகளே இரண்டு பட்டியலிலும் இடம் பிடிக்கின்றன. 50 நொடி 'டிக் இட்', பாட்டு வரியே இல்லாத 'ஃப்ளையிங்' இரண்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடுகின்றன.

வெள்ளை ஆல்பத்தின் 30 பாட்டை ஒரே தட்டாகக் குறைக்கிற போட்டி வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஒற்றைத் தட்டாக இருந்திருந்தால் நல்லது என்று ஜார்ஜ் மார்ட்டினே சொன்னதுதான். ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் என்று எல்லை வையுங்கள். அதற்குமேல் நீண்டால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி குறையும், பேஸ் மெலியும். இந்த எல்லை இருந்தால்தான் 'ரெவல்யூஷன் 9' வேண்டும் என்பவர் அதற்கு விலையாக மூன்று பாட்டைக் கைவிட வேண்டியிருக்கும். ஹாரிசன் பாட்டு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்ற விதியும் தேவை. இல்லையென்றால் 'வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்' ஒன்றோடு அவர் கணக்கை முடித்துவிடுவார்கள்.

பட்டியலின் குறிப்புகளில் மூன்று திருத்தம். 'டாக்ஸ்மேன்' பாட்டின் கிடார் தனியாவர்த்தனம் ஹாரிசனுடையது அல்ல, மெக்கார்ட்னி வாசித்தது. மேலே சொன்ன 'வைல் மை கிடார்' பாட்டில் தனி கிடார் வாசித்தது குழுவில் இல்லாத எரிக் கிளாப்டன். 'டியர் புரூடன்ஸ்' பாட்டில் ரிங்கோவின் டிரம்மை நான்கு வரி புகழ்ந்திருக்கிறீர்கள். 1968 ஆகஸ்டு கடைசியில் கோபித்துக்கொண்டு ரிங்கோ குழுவை விட்டுப் போயிருந்த நாட்களில் பதிவான பாட்டு அது. டிரம் வாசித்தது மெக்கார்ட்னி.

இப்படிக்கு,
மேற்கத்திய இசை கேட்போர் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்.